திராட்சைப் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகும் விவசாயிகளுக்கு

கார்த்திகை, மார்கழி மாதங்களில் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலிருந்து சபரிமலைக்குப் புறப்படும் வேன்கள் பல, தேனி, கம்பம், குமுளி வழியாகவே செல்கின்றன. கம்பத்தை நெருங்கும்போது சாலையின் இரு பக்கமும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பச்சைக் கூரை போட்டது போலத் திராட்சைப் பந்தல்கள் தெரியும். பந்தலுக்குக் கீழே கருநீலக் கொத்துகள் தொங்கும். வேனில் இருக்கும் விவசாயிக்கு அந்த இடத்தில் மனம் ஓடத் தொடங்கிவிடும். "நம்ம கொல்லையில ஒரு ஏக்கர் இப்படிப் போட்டா என்ன?" என்ற கேள்வி எழும். திரும்பி வரும்போது சிலர் நாலு கிலோ பழத்தோடு நாலு கொடிக் குச்சியையும் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வருவதும் உண்டு.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் ஓடும் வேனிலிருந்து பார்த்து முடிவு செய்யக்கூடிய கேள்வி அல்ல. திராட்சை ஊருக்குப் போகிறவர் எப்போது போக வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும், எதைக் கொண்டுவரவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு போனால், போக்குவரத்துச் செலவு வீணாகாது. முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பும் நெல்லும் உளுந்தும் நிலக்கடலையும் பயிரிடும் சிறு விவசாயிகளுக்காக அந்த விவரங்கள் இங்கே தரப்படுகின்றன.

பார்க்கத் தெரிந்தவர் கண்ட மருந்து

வெற்றிலைக் கொடிக்கும் எலுமிச்சைக்கும் தென்னைக்கும் அடிக்கும் போர்டோ கலவையை நம் விவசாயிகள் நன்கு அறிவர். போர்டோ என்பது பிரான்சு நாட்டின் தென்மேற்கில் உள்ள ஒரு நகரம். திராட்சைத் தோட்டங்களுக்கும் திராட்சை ரசத்திற்கும் உலகப் புகழ் பெற்ற ஊர். அந்த ஊரின் பெயர் நம் மருந்து டப்பாவுக்கு வந்த கதையே, தோட்டம் பார்க்கப் போகிறவருக்கு முதல் பாடமாகும்.

1880ஆம் ஆண்டையொட்டி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய் பரவி, இலைகள் கருகிக் கொட்டின. 1882ஆம் ஆண்டு போர்டோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த மில்லார்டே என்பவர் அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் வழியே நடந்து சென்றார். தோட்டத்தின் உள்பக்கம் இலை கொட்டிக் கிடந்தது. சாலையோர வரிசைகளில் மட்டும் இலை பச்சையாக இருந்தது. இலை மீது நீல நிறத்தில் ஏதோ பூசப்பட்டிருந்தது. அவர் விசாரித்தார். வழிப்போக்கர் பழத்தைப் பறித்துத் தின்றுவிடாமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துச் சாலையோரக் கொடிகளில் தெளிப்பது அந்த ஊர் வழக்கம் என்று தெரிந்தது. திருடனுக்குப் பயம் காட்டத் தெளித்தது, நோயையும் தடுத்திருந்தது. அவர் அதைச் சோதித்துப் பார்த்து 1885ஆம் ஆண்டு வெளியிட்டார். இன்று உலகெங்கும் பயன்படும் போர்டோ கலவை அதுதான்.

அந்தச் சாலையில் எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். ஒரு வரிசை பச்சையாகவும் அடுத்த வரிசை காய்ந்தும் இருப்பது ஏன் என்று நின்று கேட்டவருக்கே மருந்து கிடைத்தது. தோட்டம் பார்க்கப் போகிறவர் நல்ல கொத்தை மட்டும் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பக் கூடாது. நன்றாக இருக்கும் கொடிக்கும் நலிந்திருக்கும் கொடிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து, காரணம் கேட்க வேண்டும்.

எப்போது போகலாம்?

கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. இதன் ஆங்கிலப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கருநீல நிறமும் விதையும் தனி வாசனையும் கொண்டது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வர். 2023ஆம் ஆண்டு 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மேகமலை அடிவாரத்தில் உள்ள ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத் திராட்சை பயிராகிறது.

பன்னீர் திராட்சையில் கவாத்து செய்த நாளிலிருந்து சுமார் நான்கு மாதத்தில் பழம் அறுவடைக்கு வரும். மார்கழி, தை மாதங்களில் கவாத்து செய்தால் சித்திரை, வைகாசியில் கோடை அறுவடை. வைகாசி, ஆனியில் கவாத்து செய்தால் ஆவணி, புரட்டாசியில் அடுத்த அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால், ஆண்டின் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். இது கம்பத்திற்கே உரிய சிறப்பு.

எனினும் பழம் பார்க்க மட்டும் போவது பாதிப் படிப்பு. திராட்சையில் தொழில் நுட்பம் கவாத்தில்தான் இருக்கிறது. பன்னீர் திராட்சைக்கு முற்றிய கொடியில் நான்கு கண் விட்டு வெட்ட வேண்டும். பச்சைத் திராட்சைக்கு இரண்டு கண் போதும். ஒரு கண் கூடினாலும் குறைந்தாலும் கொத்தின் எண்ணிக்கையும் தரமும் மாறும். பொங்கல் முடிந்து தை மாதத்தில் போனால் ஒரு தோட்டத்தில் கவாத்தையும், அடுத்த தோட்டத்தில் பூவையும், இன்னொன்றில் பழத்தையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். மகரஜோதி முடிந்துவிடுவதால் பஸ்களில் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் குறைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் தோட்டத்தில் நடமாடுவது கடினம். விவசாயிகளும் மருந்து தெளிக்கும் அவசரத்தில் இருப்பார்கள்.

போகும் வழி

விழுப்புரத்திலிருந்து திருச்சி வழியாகத் திண்டுக்கல்லுக்கு ரயிலில் சுமார் 270 கிலோமீட்டர். இரவு ரயிலில் புறப்பட்டால் விடியலில் இறங்கலாம். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகத் தேனிக்குப் பஸ் உண்டு. மதுரை வரை ரயிலில் போய், அங்கிருந்து தேனிக்கு ரயிலிலோ பஸ்சிலோ போகலாம். மதுரை - தேனி அகல ரயில் பாதை 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் சுமார் 40 கிலோமீட்டர்.

தேனியைத் தாண்டியதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நிலத்தைக் கவனிக்க வேண்டும். மேற்கே உயர்ந்த மலை. தென்மேற்குப் பருவமழையின் பெரும் பகுதியை அந்த மலைக்கு அப்பால் கேரளமே வாங்கிக்கொள்கிறது. மழை மறைவில் இருக்கும் பள்ளத்தாக்குக்கு முல்லைப்பெரியாறு அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாக வந்து சேர்கிறது. 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையை எழுப்பிய பொறியாளர் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் லோயர்கேம்ப்பில் உள்ளது. அங்கே அவர் படத்தை வைத்துப் பொங்கலிடும் விவசாயிகளைத் தை மாதத்தில் காணலாம். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. ஆறும் வாய்க்காலும் ஓடும் பூமியில் கிணற்று நீரும் ஊறும். அந்த நீரில்தான் திராட்சைப் பந்தல் நிற்கிறது.

பெய்யும் மழை குறைவு, பாயும் தண்ணீர் நிறைவு என்ற இந்த இரண்டும் ஒன்று சேர்ந்ததே கம்பம் திராட்சையின் அடிப்படை. இதைப் புரிந்துகொண்டு தோட்டத்துக்குள் காலை வைக்க வேண்டும்.

சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர் ஆகிய ஊர்ப்பக்கங்களில் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கலாம். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. முதலில் அங்கே போய் அரை நாள் செலவிட்டு, பிறகு விவசாயிகளின் தோட்டங்களுக்குப் போவது நல்லது. நிலையத்தில் முறையையும், தோட்டத்தில் அந்த முறை நடைமுறையில் எங்கே மாறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். தனியாகப் போவதைவிட, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் அட்மா திட்டத்தின் கீழ் ஏற்பாடு செய்யும் கண்டுணர்வுப் பயணத்தில் பெயர் கொடுத்துக் குழுவாகப் போவது செலவைக் குறைக்கும்.

குழுவில் பெண்களும் இருக்க வேண்டும். திராட்சையில் கொத்து ஒழுங்கு செய்வது, பழம் தரம் பிரிப்பது, பெட்டியில் அடுக்குவது முதலிய வேலைகளில் பெண்களின் பங்கு பெரிது. எத்தனை ஆள், எத்தனை நாள் என்ற கேள்விக்குச் சரியான பதில் அவர்களிடமிருந்தே கிடைக்கும். அதைப் பெண்கள் கேட்டால்தான் அவர்கள் மனம்விட்டுச் சொல்வார்கள்.

தோட்டத்தில் நடந்துகொள்ளும் முறை

1. காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் போக வேண்டும். உச்சி வெயிலில் போனால் சொந்தக்காரர் தோட்டத்தில் இருக்கமாட்டார்.

2. கேட்காமல் வேலியைத் தாண்டக் கூடாது. சமீபத்தில் மருந்து தெளித்த தோட்டமா என்று கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். தெளித்த தோட்டத்துக் கொத்தில் ஒரு பழத்தைக்கூடப் பறித்து வாயில் போடக் கூடாது. எந்தப் பழத்தையும் கழுவாமல் தின்னக் கூடாது.

3. பழத்தைத் தொடக் கூடாது. திராட்சையின் மேல் மாவு பூசியது போல ஒரு வெண்படலம் இருக்கும். அது தூசி அன்று. பழம் வாடாமல் காக்க இயற்கை கொடுத்த மெழுகு. விரல் பட்டால் அந்த இடம் தேய்ந்து பளபளக்கும். அப்படித் தேய்ந்த கொத்து சந்தையில் விலை குறையும். பந்தல் தாழ்வாக இருக்கும்; தலையும் தோள்பையும் கொத்தில் இடிக்காமல் குனிந்து நடக்க வேண்டும்.

4. ஒரு தோட்டத்தில் மிதித்த மண்ணோடு அடுத்த தோட்டத்துக்குப் போகக் கூடாது. செருப்பைத் தட்டிக் கழுவிவிட்டுப் போக வேண்டும். நூற்புழு மண்ணோடு பயணம் செய்யும்.

5. வியாபாரி நின்று விலை பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து விலை கேட்கக் கூடாது. அவர் போன பிறகு கேட்கலாம்.

6. திரும்பும்போது அந்தத் தோட்டத்திலேயே பணம் கொடுத்துப் பழம் வாங்க வேண்டும். நேரம் ஒதுக்கிப் பாடம் சொன்னவருக்கு அது ஒரு மரியாதை. திராட்சை பறித்த பிறகு பழுக்காது. மாம்பழம் போல வைத்திருந்து பழுக்கவைக்க முடியாது. ஆகவே கொத்து முழுவதும் ஒரே நிறமாக, காம்பு பச்சையாக, லேசாக அசைத்தால் உதிராமல் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக வைத்தால் ஊர் வந்து சேரும் வரை கெடாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

"ஏக்கருக்கு எவ்வளவு லாபம்?" என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. பதில் சொல்பவரும் நல்ல விலை கிடைத்த ஆண்டையே நினைத்துச் சொல்வார். யார்தான் நட்டப்பட்டதை வெளியூர்க்காரரிடம் முதலில் சொல்வார்கள்? ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "அண்ணே, கடைசி அஞ்சு அறுவடையில ஒவ்வொண்ணுலயும் எத்தனை டன் வந்துச்சு, கிலோ என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டு, நோட்டில் ஐந்து வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இதனால் என்ன வேறுபாடு என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. இன்றைய விலையைத் தோட்டத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு ஏக்கரில் ஐந்து அறுவடை இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்.

முதல் அறுவடை: 6 டன், கிலோ ரூ.30, வரவு ரூ.1,80,000.
இரண்டாவது: 5 டன், கிலோ ரூ.40, வரவு ரூ.2,00,000.
மூன்றாவது: 6 டன், கிலோ ரூ.20, வரவு ரூ.1,20,000.
நான்காவது: மழையில் அழுகி மிஞ்சியது 2 டன், கிலோ ரூ.25, வரவு ரூ.50,000.
ஐந்தாவது: 6 டன், கிலோ ரூ.18, வரவு ரூ.1,08,000.

மொத்த வரவு ரூ.6,58,000. சராசரி ஒரு அறுவடைக்கு ரூ.1,31,600. உரம், மருந்து, கவாத்துக் கூலி, அறுவடைக் கூலி எல்லாம் சேர்த்து ஒரு அறுவடைக்குச் செலவு ரூ.90,000 என்றால் மீதி ரூ.41,600. ஆண்டுக்கு இரண்டு அறுவடைக்கு ரூ.83,200.

கணக்கு இத்துடன் முடியவில்லை. கல்தூண், கம்பி, குழி, நாற்று, சொட்டுநீர் என்று பந்தல் போட ரூ.4 லட்சம் ஆனதாகக் கொண்டால், அதைப் பத்து ஆண்டுகளில் ஈடுகட்ட ஆண்டுக்கு ரூ.40,000 ஒதுக்க வேண்டும். மீதி ரூ.43,200. அந்த நான்கு லட்சமும் நூற்றுக்கு 12 வட்டிக் கடன் என்றால், முதல் ஆண்டு வட்டி மட்டும் ரூ.48,000. கடைசியில் கைக்கு வருவதற்குப் பதில் ரூ.4,800 கையை விட்டுப் போகிறது. நட்டதிலிருந்து முதல் அறுவடை வரை ஓராண்டுக்கும் மேலாக வரவே இல்லாத காலமும் உண்டு. அந்தக் காலத்து வட்டி இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இதே தோட்டத்தில் இரண்டாவது அறுவடையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர் என்ன கணக்குப் போடுவார்? ரூ.2,00,000 வரவில் ரூ.90,000 செலவு போக ரூ.1,10,000, ஆண்டுக்கு இரண்டு அறுவடைக்கு ரூ.2,20,000 லாபம் என்று எழுதுவார். தோட்டம் ஒன்றுதான். ஒரு கேள்வியைத் தவறவிட்டதால் ஒருவர் லாபம் என்று நம்பி நிலத்தை அடகு வைக்கிறார். கடனில்லாமல், சொந்த உழைப்பில், விலை இறங்கும் காலத்தைத் தாங்கிக்கொள்ளும் கம்பத்து விவசாயி நிலைத்து நிற்பதும், கடன் வாங்கிப் புதிதாக இறங்குபவர் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான்.

இவை தவிரக் கேட்க வேண்டியவை:

மருந்து எத்தனை முறை தெளிக்கிறார்கள்? மழைக்காலத்தில் எத்தனை, கோடையில் எத்தனை?
பழம் வாங்க எத்தனை வியாபாரிகள் வருகிறார்கள்? எந்த ஊர்ச் சந்தைக்குப் போகிறது?
கிணற்றுத் தண்ணீரின் உப்பு எவ்வளவு? மண் பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா?
பந்தல் எப்போதாவது சரிந்ததுண்டா? ஏன்?
திராட்சையை எடுத்துவிட்டு வேறு பயிருக்கு மாறியவர்கள் அந்த ஊரில் உண்டா?

கடைசிக் கேள்விக்கு உரியவரைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். பயிரை விட்டவர் சொல்லும் காரணம், பயிர் வைத்திருப்பவர் சொல்லும் லாபத்தை விடப் பயன் தரும்.

குச்சி கொண்டுவரக் கூடாது

தோட்டம் பார்த்துத் திரும்பும் எவரும் திராட்சைக் குச்சியைக் கொண்டுவரக் கூடாது. இதற்கும் போர்டோ ஊரே சாட்சி. 1860ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குக் கொண்டுவந்த திராட்சைக் கொடிகளின் வேரில் ஒட்டிக்கொண்டு வேர்ப்பேன் ஒன்று வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கொடிகள் அதைத் தாங்கும். பிரெஞ்சுக் கொடிகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை. தலைமுறை தலைமுறையாக இருந்த தோட்டங்கள் பட்டுப்போயின. பல விவசாயிகள் நிலத்தைவிட்டு வெளியேறினர். கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேர்க்கட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பித்தார்கள். மேலே சொன்ன அடிச்சாம்பல் நோயும் அமெரிக்காவிலிருந்தே வந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கரும்பு விவசாயிகளுக்கு இது சொந்த அனுபவம். செவ்வழுகல் கண்ட வயலிலிருந்து கரணை வாங்கி நட்டால், நோய் கரணையோடு வந்து வயலில் குடியேறும். மேலே பார்த்தால் கரணை நன்றாகவே தெரியும். திராட்சைக் குச்சியும் அப்படியே. மாவுப்பூச்சி, பறவைக்கண் நோய், வேரிலும் மண்ணிலும் நூற்புழு என்று எது ஒளிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. வேண்டியிருந்தால், வேர்விட்ட நல்ல நாற்றை ஆராய்ச்சி நிலையத்திலோ அரசு தோட்டக்கலைப் பண்ணையிலோ கேட்டுப் பெற வேண்டும்.

நம் மண்ணுக்கு வருமா?

கம்பத்தில் வளர்கிறது, முண்டியம்பாக்கத்தில் வளருமா என்றால், வளரும். வீட்டு வாசலில் கொடி ஏற்றி நாலு கொத்து பறிப்பவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. ஆனால் வளர்வது வேறு, வாழ வைப்பது வேறு.

நம் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கிய மழை. கடலோரம் அருகில். ஐப்பசி முதல் மார்கழி வரை புயல் எப்போது வரும் என்று தெரியாது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30, டிசம்பர் 1 நாட்களில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் பந்தலில் பழம் இருந்தால், பழம் வெடித்து அழுகும். இலை இருந்தால் அடிச்சாம்பல் நோய் பிடிக்கும். தூண் பலவீனமாக இருந்தால் பந்தலே படுத்துவிடும். வேரடியில் தண்ணீர் தேங்கினால் கொடி மூச்சுவிட முடியாது. வடிகால் இல்லாத களிமண் நிலத்தில் திராட்சையை நினைக்கவே கூடாது.

எனவே சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள், மேட்டுப்பாங்கான, வடிகாலுள்ள செம்மண் நிலத்தில், மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்துக்கொண்டு, 10 முதல் 20 கொடிக்கு மேல் நடக் கூடாது. பன்னீர் திராட்சைக்கு வரிசைக்கு வரிசை 3 மீட்டர், கொடிக்குக் கொடி 2 மீட்டர் இடைவெளி தேவை. மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்த பின் கவாத்து செய்து, சித்திரை, வைகாசியில் கோடை அறுவடை ஒன்றை மட்டும் எடுக்கப் பார்க்க வேண்டும். இரண்டு பருவமழையைக் கொடிகள் தாண்டி நின்ற பிறகே அடுத்த அடி. வாங்க வியாபாரி வருவாரா என்பதை நடுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் பந்தலில் பழம் இருந்தால்தான் லாரி வரும். ஒருவர் பந்தலுக்காக வராது. ஆலை இல்லாத ஊரில் கரும்பு நட்டால் என்ன ஆகும் என்பது ஆலை வாசலில் வண்டி கட்டி நின்றவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாசிக் பக்கம் போகிறவர்களுக்கு

ஷீரடிக்குப் போகும் குடும்பங்கள் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள நாசிக்கையும் பார்த்துவிட்டு வருவது வழக்கம். கோதாவரிக் கரையில் உள்ள அந்த நகரைச் சுற்றி நிபாட், திண்டோரி, பிம்பள்காவ் பக்கமெல்லாம் திராட்சையே. அங்கே ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து என்று இரண்டு முறை வெட்டினாலும் அறுவடை ஒன்றுதான். தை முதல் பங்குனி வரை போனால் பழம் பார்க்கலாம். பெரும்பாலும் விதையில்லாப் பழம். நல்ல பழம் ஏற்றுமதிக்கும், ஒரு பகுதி உலர்திராட்சைக்கும் போகிறது. வறட்சியையும் உப்பையும் தாங்க, 'டாக்ரிட்ஜ்' என்ற வேர்க்கட்டையில் ஒட்டுக் கட்டிய கொடிகளை அங்கே காணலாம். புனே அருகே மாஞ்சரியில் மத்திய அரசின் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

நாசிக்கைச் சுற்றித் திராட்சை ரசத் தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. கட்டணம் கட்டினால் உள்ளே அழைத்துச் சென்று காட்டுவார்கள். விவசாயி அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரசத்துக்கு உரிய திராட்சை சிறிய பழம், தனி இரகம். கடைவீதியில் விலை போகாது. ஆலையோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்தவரே அதை நடுகிறார். பயிருக்கு முன் சந்தை என்ற பாடம் அங்கே கண்ணெதிரே நிற்கிறது.

கொண்டுவர வேண்டியவை

குச்சி வேண்டாம் என்றால் வெறுங்கையோடு திரும்புவதா? இல்லை. கம்பத்திலிருந்து நம் வயலுக்கு நாளையே கொண்டுவரக் கூடியவை மூன்று உண்டு.

முதலாவது, பந்தல். பாகல், புடல், பீர்க்கன் போன்ற கொடிக் காய்கறிகளைத் தரையில் படரவிடாமல் பந்தலில் ஏற்றினால் காய் அழுகாது, நேராக நீளும், மருந்து தெளிக்கவும் பறிக்கவும் எளிது. மூலைத் தூணுக்கு முட்டுக் கொடுப்பது, கம்பியை இழுத்துக் கட்டுவது ஆகியவற்றைக் கம்பத்தில் கைத்தொழிலாகவே செய்கிறார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்து வரலாம்.

இரண்டாவது, அறுவடையைப் பிரித்து வைக்கும் முறை. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் கம்பத்து விவசாயி எல்லாவற்றையும் ஒரே நாளில் கவாத்து செய்வதில்லை. ஒரு பகுதி விலை இறங்கினாலும் அடுத்த பகுதி காப்பாற்றும். திண்டிவனம் பக்கத்துத் தர்ப்பூசணி விவசாயிகள் எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டு, ஒரே வாரத்தில் சந்தைக்குக் கொண்டுபோய் விலை இறங்கித் தவிக்கிறார்களே, அவர்களுக்கு இது உடனே பயன்படும்.

மூன்றாவது, போர்டோ கலவையைச் சரியாகத் தயாரிக்கும் முறை. நூற்றுக்கு ஒன்று சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் நல்லது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். சுண்ணாம்பைத் துத்தத்தில் ஊற்றக் கூடாது. தீட்டிய அரிவாள் நுனியைக் கலவையில் சிறிது நேரம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்; மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

ஊர் பார்க்கப் போவது நம் விவசாயிகளுக்குப் புதிதன்று. நிலக்கடலை இரகம் பார்க்க எத்தனையோ மாவட்டத்து விவசாயிகள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து போயிருக்கிறார்கள். டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை இரகங்களில் இருப்பது திண்டிவனத்தின் பெயரே. அப்படி வந்தவர்களில் மண்ணையும் மழையையும் ஒப்பிட்டுப் பார்த்து, கொஞ்சம் விதை வாங்கிப் போய் ஒரு மூலையில் விதைத்துப் பார்த்தவர்களே பிழைத்தார்கள். கம்பத்துக்குப் போகிறவர்களும் அதே முறையைக் கையாள வேண்டும். ஒரு நோட்டும் பென்சிலும், ஐந்து அறுவடைக் கேள்வியும், திரும்பும்போது கழுவிய செருப்பும் இருந்தால் போதும். அந்த நோட்டுடன் உள்ளூர் வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிய பிறகு, பந்தலுக்குக் கல்தூண் வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யலாம்.